குந்தவையின் இரு ஜினாலயங்கள்: ஓர் ஐப்பசிப் பயணம்

ஆண்டை ஆறு பருவங்களாகப் பகுத்த நம் முன்னோர், ஐப்பசியையும் கார்த்திகையையும் கூதிர்க் காலம் என்றனர். கார் கழிந்து பனி தொடங்குமுன் வரும் குளிர்ந்த காற்றின் காலம் அது. நம் சமயத்தாருக்கு இப்பருவத்தில் தனிச்சிறப்பு ஒன்று உண்டு. பாவாபுரியில் பகவான் மகாவீரர் வீடுபேறு அடைந்த நாளாகவே நாம் தீபாவளியைக் கொண்டாடுகிறோம். மழைக்காலத்தில் ஓரிடத்தில் தங்கியிருந்த முனிவர்கள் அந்நாளில் வர்ஷாயோகத்தை நிறைவு செய்து மீண்டும் நடைப்பயணம் மேற்கொள்வது மரபு.

சென்ற தீபாவளிக்கு மறுநாள் நாங்களும் ஒரு பயணம் புறப்பட்டோம். நான், என் துணைவியார், என் தம்பியும் அவர் மனைவியும், தம்பி மகன், விடுமுறைக்குப் பெங்களூரிலிருந்து வந்திருந்த என் பெயர்த்தி என ஆறு பேர். வேனைத் தம்பி மகன் ஓட்டினான். சென்னையிலிருந்து காஞ்சி, வந்தவாசி, பொன்னூர், போளூர், செஞ்சி, திண்டிவனம் வழியாகச் சுற்றி மூன்று நாளில் திரும்புவது திட்டம். அந்தியுண்ணாமை நோன்புடைய குடும்பமாதலின் எங்கள் பயணத்திற்குக் கதிரவனே கடிகாரம். கூதிர்க் காலத்தில் பகல் குறுகி மாலை விரைந்து வரும். ஆகவே ஒவ்வொரு நாளும் விடியலிலேயே புறப்பட வேண்டியதாயிற்று.

காஞ்சி முதல் வந்தவாசி வரை

முதலில் நாங்கள் வணங்கியது ஜினகாஞ்சி எனப்படும் திருப்பருத்திக்குன்றம். பல்லவ மன்னன் சிம்மவர்மன், பருத்திக்குன்றில் இருந்த வஜ்ரநந்திக் குரவருக்குப் பள்ளிச்சந்தமாக ஓர் ஊரை வழங்கியதைப் பள்ளன்கோயில் செப்பேடு கூறுகிறது. அதனால் ஏறத்தாழ 1,500 ஆண்டுகளாக இவ்வூரில் நம் அறம் நிலவி வருவது தெளிவு. வர்த்தமானர் கோயிலின் சங்கீத மண்டபத்தை விசயநகரப் பேரரசின் அமைச்சரும் படைத்தலைவருமான இருகப்பர், தம் ஆசிரியர் புஷ்பசேனரின் அறிவுரைப்படி 1387-88ஐ ஒட்டிக் கட்டுவித்தார். அதன் மேற்கூரையில் தீர்த்தங்கரர் வரலாறுகள் ஓவியமாகத் தீட்டப்பட்டுள்ளன. அண்ணாந்து பார்த்த என் பெயர்த்தி, "தாத்தா, இது படக்கதையா?" என்று கேட்டாள். ஆம் என்றேன். எழுத்தறியாதாருக்கும் அறம் சொல்ல நம்மவர் வகுத்த படக்கதையே அது.

காஞ்சியைக் கடந்து தெற்கே சென்றால் பாலாறு. அகன்ற மணற்பரப்பில் அன்று ஓர் ஓரமாக மெல்லிய நீரோட்டம் தெரிந்தது. வடநாட்டில் மழை ஓயும் வேளையில்தான் நம் நாட்டில் வடகிழக்குப் பருவமழை தொடங்குகிறது. சாலையின் இருபுறமும் சம்பாப் பயிர் பச்சைப்பசேலென நின்றது. ஏரிகளின் கலங்குகளில் நீர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. வழியில் கரந்தை, திருப்பணமூர் ஆகிய ஊர்களில் வழிபட்டோம். அகளங்கரின் நினைவைப் போற்றும் ஊர்கள் அவை. நண்பகலில் வந்தவாசியை அடைந்தோம்.

வந்தவாசியின் பெயரைப் பள்ளிப் பாடநூலில் படிக்காதவர் இலர். 1760 சனவரி 22 அன்று ஆங்கிலேயத் தளபதி அயர் கூட், பிரெஞ்சுத் தளபதி லாலியை இங்கே வென்றார். தென்னாட்டில் பிரெஞ்சு ஆதிக்கம் சரிந்தது இப்போரினால்தான். வகுப்பில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் நானும் இதைக் கதையாகச் சொல்லியிருக்கிறேன். ஆனால் வந்தவாசியைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் அப்போருக்கு முன்னும் பின்னும் ஜினாலயங்களில் அன்றாட வழிபாடு நடந்து வந்ததை ஒரு மாணவனுக்கும் நான் சொன்னதில்லை. பாடநூலில் அது இல்லை என்பது காரணமாகலாம். என் பிறந்த ஊர் அவ்வட்டத்தில்தான் உள்ளது என்பதை எண்ணும்போது அக்காரணம் போதவில்லை.

எங்கள் ஊரில் ஓர் இரவு

அன்றிரவு எங்கள் ஊரிலேயே தங்கினோம். என் இளமையில் நயினார் தெருவில் முப்பதுக்கு மேற்பட்ட வீடுகள் இருந்தன. இன்று விளக்கெரியும் வீடுகள் மூன்று. ஒன்றில் என் சித்தி தனியே வாழ்கிறார். அவருக்கு எண்பதைக் கடந்த அகவை. மற்ற வீடுகளில் சில பூட்டிக் கிடக்கின்றன, சில கைமாறிவிட்டன. படிப்பும் வேலையும் தேடி நாங்கள் அனைவரும் வெளியேறினோம். அது குற்றமன்று. காலத்தின் போக்கு அது.

கோயிலுக்கு உபாத்தியாயர் பக்கத்து ஊரிலிருந்து மிதிவண்டியில் வருகிறார். அவரும் முதியவர். மழை நாளில் அவரால் வர இயலாதபோது சித்தியே சென்று விளக்கேற்றி வருகிறார். கோயிலுக்கான எண்ணெய்ச் செலவுக்குப் பங்காளிகளாகிய நாங்கள் ஆண்டுதோறும் தவறாமல் பணம் அனுப்புகிறோம். இதை நான் சிறிது பெருமையோடு குறிப்பிட்டேன். சித்தி கீரை ஆய்ந்துகொண்டே, தலை நிமிராமல் சொன்னார்:

"எண்ணெய்க்குப் பணம் வருதுப்பா. ஏத்தத்தான் ஆள் வரமாட்டேங்குது."

சினந்து சொன்ன சொல் அன்று. ஊர்ச் செய்தி சொல்வது போலத்தான் சொன்னார். பயணம் முழுவதும் அச்சொல் என்னுடன் வந்தது. பின்னர் நான் கண்ட ஒவ்வொரு கல்வெட்டையும் அச்சொல்லோடு சேர்த்தே படித்தேன்.

பொன்னூர்மலை

மறுநாள் புலர்காலையில் சேத்துப்பட்டுச் சாலையில் உள்ள பொன்னூர்மலையை அடைந்தோம். இரவு பெய்த மழையில் படிகள் நனைந்திருந்தன. படியோரத்துப் புல்லில் செம்பட்டு நிறத் தம்பலப்பூச்சிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. சங்கப் புலவர் மூதாய் என்று அழைத்த அச்சிற்றுயிரைப் பெயர்த்தி முதன்முறையாகக் கண்டாள். மிதித்துவிடுவோமோ என அஞ்சி அப்படியே நின்றுவிட்டாள். முனிவர் மழைக்காலத்தில் ஏன் நடப்பதில்லை என்பதை அவளுக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. அப்பூச்சியே விளக்கிவிட்டது.

மலைமேல் ஆசாரிய குந்தகுந்தரின் திருவடிகள் வழிபடப்படுகின்றன. அவருக்கு ஏலாசாரியர் என்ற பெயரும் உண்டு. திருக்குறளை அருளியவர் அவரே என்பது நம் மரபில் வழங்கும் கொள்கை. இந்திரநந்தி கி.பி. 939இல் இயற்றிய ஜ்வாலாமாலினி கல்பம், திராவிட நாட்டு ஹேமகிராமத்தைச் சேர்ந்த ஏலாசாரியர் ஒருவரைக் குறிப்பிடுகிறது. ஹேமம் என்றால் பொன். ஹேமகிராமம் பொன்னூரே என்பர். இருவரும் ஒருவரா வேறா என்னும் ஆராய்ச்சி அறிஞருக்கு உரியது. பத்தாம் நூற்றாண்டிலேயே இவ்வூரின் பெயர் தக்காணத்து நூலொன்றில் இடம்பெறும் அளவு புகழ் பெற்றிருந்தது என்பதே நாம் மனங்கொள்ள வேண்டியது.

உச்சியில் நின்று பார்த்தால் நீர் நிறைந்த ஏரிகள் துண்டு துண்டாக வானத்தைக் காட்டிக்கொண்டு கிடந்தன. பின்னர் சேத்துப்பட்டைக் கடந்து போளூரை நோக்கிச் சென்றோம். மேற்கே சவ்வாது மலைத்தொடர் முகில் போர்த்து நின்றது.

திருமலை: ஒரு விளக்கும் ஒரு பேரரசும்

போளூரை அடுத்த திருமலை, நம் மக்கள் அனைவரும் ஒருமுறையேனும் காணவேண்டிய இடம். அடிவாரத்தில் குந்தவை ஜினாலயம், அதன்பின் குகை ஓவியங்கள், மேலே பாறையில் செதுக்கப்பட்ட பதினாறடிக்கு மேல் உயரமான நேமிநாதர் திருவுருவம். சிகாமணிநாதர் என்று நாம் அவரை வணங்குகிறோம். அரசு பாதுகாப்பில் உள்ள சின்னம் இது. அருகே மடமும் உள்ளது. அன்று மாலைச் சாரலில் பாறை கருத்துப் பளபளத்தது. அத்திருவுருவின் முன் நின்றபோது எங்களில் எவருக்கும் பேச்செழவில்லை.

இங்குள்ள கல்வெட்டுகளைப் பற்றியே விரிவாகச் சொல்ல விழைகிறேன். கங்கை வரை படையெடுத்து வென்ற முதலாம் இராசேந்திர சோழனின் வெற்றிகளை அறிய வரலாற்றாசிரியர் அனைவரும் எடுத்தாளும் சான்றுகளுள் முதன்மையானது திருமலைக் கல்வெட்டு. அவனது பதின்மூன்றாம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. 1024-25இல் பொறிக்கப்பட்டது. ஹுல்ட்ஷ் பதிப்பித்து 1890இல் வெளிவந்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியிலேயே இது இடம்பெற்றது. ஈழம், வங்காளம், கங்கை என வென்ற நாடுகளை மெய்க்கீர்த்தி அடுக்கிச் செல்கிறது.

ஆனால் அக்கல்வெட்டு அப்பாறையில் எழுந்தது எதற்காக? மன்னன் தன் வெற்றியைப் பறைசாற்ற வெட்டுவித்ததன்று. பெரும்பாணப்பாடியைச் சேர்ந்த வணிகர் நன்னப்பையன் என்பாரின் மனைவி சாமுண்டப்பை, வைகாவூர்த் திருமலையில் உள்ள குந்தவை ஜினாலயத்திற்கு நந்தாவிளக்கு ஒன்றும் திருவமுதுக்கான கொடையும் அளித்தார். அதைப் பதிவு செய்யவே கல்லில் உளி பட்டது. அக்கால வழக்கப்படி தொடக்கத்தில் அரசனின் மெய்க்கீர்த்தி எழுதப்பட்டது. ஒரு வணிகப் பெண்மணி ஒரு விளக்கை எரியச் செய்ய நினைத்ததால் ஒரு பேரரசின் வரலாறு நமக்குக் கிடைத்தது. வரலாற்று நூல்கள் மெய்க்கீர்த்தியை எடுத்துக்கொண்டு விளக்கை விட்டுவிட்டன. நானும் அவ்வாறே கற்பித்தேன்.

திருமலையின் மற்றக் கல்வெட்டுகளும் இத்தகையனவே. முதலாம் இராசராசனின் இருபத்தோராம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. 1005-06ஐ ஒட்டி, குணவீர மாமுனிவர் இங்கே ஒரு கலிங்கு அமைத்து அதற்குக் கணிசேகர மருபொற்சூரியன் என்னும் தம் ஆசிரியர் பெயரைச் சூட்டினார். கலிங்கு என்பது ஏரியின் மிகைநீரை வெளியேற்றும் அமைப்பு. வரும் வழியெல்லாம் நாங்கள் பார்த்த கலங்குகளுக்குப் பழம்பெயர். துறவி ஒருவர் ஊருழவரின் ஏரியைப் பேணினார் என்பது இக்காலத்தாருக்கு வியப்பாக இருக்கலாம். ஊர் விளைந்தால்தான் கோயிலில் அமுதுபடி நடக்கும் என்பதை அவர் அறிந்திருந்தார். பின்னொரு காலத்தில் அதியமான் மரபினனான விடுகாதழகிய பெருமாள், தன் முன்னோன் எழினி செய்துவைத்த இயக்கன், இயக்கி உருவங்கள் சிதைந்திருந்ததைக் கண்டு செப்பனிட்டு மீண்டும் மலைமேல் நிறுவினான். மணி ஒன்றும் அளித்தான். கால்வாய் ஒன்றும் அமைத்தான்.

இன்னுமொரு கல்வெட்டு என்னை நெகிழச் செய்தது. 14ஆம் நூற்றாண்டில் இராசநாராயணச் சம்புவராயர் காலத்தில், பொன்னூரைச் சேர்ந்த மண்ணைப் பொன்னாண்டையின் மகள் நல்லாத்தாள், திருமலையில் விகார நாயனார் பொன்னெயில்நாதர் திருவுருவை எழுந்தருளச் செய்தார். அன்று காலை நாங்கள் பொன்னூரிலிருந்து தார்ச்சாலையில் வேனில் வந்தோம். ஏறத்தாழ 650 ஆண்டுகளுக்கு முன் அதே பொன்னூர்ப் பெண் ஒருவர் அதே திருமலைக்கு வந்து தம் பெயரைக் கல்லில் விட்டுச் சென்றிருக்கிறார். நாம் செல்வது புதிய வழியன்று.

இவற்றை நான் விளக்கியபோது என் துணைவியார் சொன்னார்: "இவங்க யாரும் பணம் மட்டும் அனுப்பலையே. வந்து நின்னு செஞ்சிருக்காங்க." சித்தியின் சொல் அவர் நெஞ்சிலும் தைத்திருந்தது.

செஞ்சியும் திருநாதர்குன்றும்

மூன்றாம் நாள் மழை விட்டிருந்தது. செஞ்சியை நெருங்கும்போது பெரும்பாறைகள் ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கிவைத்தாற்போன்ற குன்றுகள் எதிர்ப்படும். இராசகிரி, கிருட்டிணகிரி, சந்திரகிரி எனும் மூன்று குன்றுகளையும் மதில் இணைக்கிறது. 1677இல் சிவாசி இக்கோட்டையைக் கைப்பற்றினார். முகலாயப் படை நெடுநாள் முற்றுகையிட்டு 1698இல் வென்றது. 1750இல் பிரெஞ்சுக்காரரும் 1761இல் ஆங்கிலேயரும் கைப்பற்றினர். 2025 சூலையில் மராத்தியர் கோட்டைகளின் தொகுதியில் ஒன்றாக யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னப் பட்டியலில் இது சேர்க்கப்பட்டது. விடுமுறைக் கூட்டம் நிரம்பி வழிந்தது.

செஞ்சி என்றதும் நம் முதியோர் சொல்லும் கதை வேறு. 15ஆம் நூற்றாண்டில் செஞ்சியை ஆண்ட வேங்கடபதி என்பவன் நம்மவரைத் துன்புறுத்தினான் என்றும், அஞ்சிப் பலர் நீறு பூசி மறைந்து வாழ்ந்தனர் என்றும், வீரசேனாசாரியரும் தாயனூர்க் காங்கேய உடையாரும் அவர்களை மீண்டும் நம் நெறிக்குக் கொணர்ந்தனர் என்றும் அக்கதை கூறும். 1906இல் வெளிவந்த தென்னார்க்காடு மாவட்ட விவரச்சுவடியிலும் இது பதிவாகியுள்ளது. செவிவழிக் கதையை வரலாறென்று அப்படியே கொள்ளல் ஆகாது. எனினும் நாம் யாரை நினைவில் வைத்துப் போற்றுகிறோம் என்பதை அது காட்டும். வீடு வீடாகச் சென்று உறவினரைத் திரும்ப அழைத்த இருவரையே நம் மரபு போற்றி வந்துள்ளது.

கோட்டைக்குச் சிறிது தொலைவில் சிறுகடம்பூர்ப் பக்கம் திருநாதர்குன்று உள்ளது. அங்கு எங்களைத் தவிர எவருமில்லை. ஒரே பாறையில் இருபத்துநான்கு தீர்த்தங்கரரும் இரு வரிசையாகப் புடைப்புருவமாக அமர்ந்துள்ளனர். ஏறத்தாழ ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்ததென அறிஞர் கருதும் கல்வெட்டு ஒன்று, ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி ஆசிரிகரின் நிசீதிகை இது என்று கூறுகிறது. ஐ என்னும் எழுத்துக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய கல்வெட்டுச் சான்று இதுவே என்பர். அவருக்குப் பின் முப்பது நாள் நோற்ற இளைய படாரரின் நிசீதிகைக் கல்வெட்டும் அங்கேயே உள்ளது.

தமிழாசிரியனாகிய நான் எத்தனையோ மாணவருக்கு ஐகாரம் எழுதக் கற்பித்திருக்கிறேன். அவ்வெழுத்தின் பழஞ்சான்று நம் துறவியொருவரின் நோன்பு நாள்களை எண்ணிய கல்லில் உள்ளதை அங்கு நின்றபோதுதான் முழுமையாக உணர்ந்தேன். பெயர்த்தி தன் விரலால் காற்றில் அவ்வெழுத்தை எழுதிப் பார்த்தாள்.

மேல்சித்தாமூர் முதல் தாதாபுரம் வரை

அங்கிருந்து நம் ஆதீனமான மேல்சித்தாமூர் சென்றோம். காஞ்சியில் இருந்த நம் மடம் பிற்காலத்தில் இங்கு நிலைபெற்றது. பார்சுவநாதர் கோயிலின் ஏழுநிலைக் கோபுரம் தொலைவிலிருந்தே தெரியும். மலைநாதர் கோயிலில் பாறையிலேயே செதுக்கப்பட்ட பாகுபலி, பார்சுவநாதர், மகாவீரர், அம்பிகை முதலிய திருவுருவங்களை வணங்கினோம். தேர்த் திருவிழா நாளில் நம் குடும்பங்கள் ஒன்றுகூடும் இவ்வூரைப் பற்றி இம்மலரின் வாசகர்களுக்கு நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

திண்டிவனம் வந்ததும் நேரே சென்னைக்குத் திரும்பாமல் வந்தவாசிச் சாலைப் பக்கமாகத் தாதாபுரத்திற்குச் சென்றோம். இராசராசபுரம் என்பது அதன் பழம்பெயர். இராசராசனின் தமக்கையார் குந்தவைப் பிராட்டியார் இவ்வூரில் மூன்று கோயில்கள் எடுப்பித்தார். சிவனுக்கு இரவிகுலமாணிக்க ஈசுவரம். திருமாலுக்குக் குந்தவை விண்ணகர். அருகப்பெருமானுக்குக் குந்தவை ஜினாலயம். மூன்று சமயத்தையும் ஒருங்கு போற்றிய அப்பெருமாட்டியின் உள்ளம் பெரிது. சிவன் கோயிலும் திருமால் கோயிலும் இன்றும் உள்ளன. ஜினாலயத்தின் பெயர் கல்வெட்டில் உள்ளது, கட்டடம் இல்லை.

மாலை வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. உணவுப் பொட்டலங்களை அவிழ்க்க வேண்டிய நேரம். அவ்வூர்ப் புல்தரையில் நின்று நான் இரு ஜினாலயங்களையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். இரண்டும் குந்தவையின் பெயர் தாங்கியவை, ஒரே காலத்தவை. சோழப் பேரரசின் செல்வம் இரண்டிற்கும் பின்புலமாக இருந்தது. கல் இரண்டிலும் கல்தான். ஆயினும் திருமலையில் முந்தைய நாள் மாலை நாங்கள் விளக்கொளியில் வணங்கினோம்; தாதாபுரத்தில் வணங்க இடமில்லை. திருமலைக்குச் சாமுண்டப்பை வந்தார், குணவீரர் இருந்தார், விடுகாதழகிய பெருமாள் சிதைந்ததைத் திருத்தினான், பொன்னூரிலிருந்து நல்லாத்தாள் வந்தார். நூற்றாண்டுக்கு ஒருவரேனும் அங்கே வந்து நின்றதைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. அரசியார் கட்டிய கோயிலையும் ஆள் வரத்துத்தான் காப்பாற்றும் போலும்.

எங்கள் ஊர்க் கோயிலைக் கட்டியவர் அரசியார் அல்லர். அதில் புகழ்பெற்ற கல்வெட்டு ஏதுமில்லை. எந்தத் துறையின் பட்டியலிலும் அது இல்லை. அதற்கிருப்பது சித்தியும் மிதிவண்டி உபாத்தியாயரும் மட்டுமே.

திரும்பி வந்ததும் பங்காளிகளைத் தொலைபேசியில் அழைத்தேன். சென்னை, புதுச்சேரி, பெங்களூர் என நாங்கள் பன்னிரண்டு குடும்பம். ஆண்டுக்குப் பன்னிரண்டு மாதம். மாதத்திற்கு ஒரு குடும்பம் என முறை வகுத்தோம். முறைக்குரிய குடும்பத்தார் எண்ணெயோடு நேரில் சென்று இரண்டு நாள் தங்கித் தம் கையால் விளக்கேற்ற வேண்டும். பணம் அனுப்பினால் முறை கழிந்ததாகக் கொள்ளப்படாது. ஓரிருவர் தயங்கினர். "ஆண்டுக்கு இரண்டு நாள்தானே" என்றதும் இசைந்தனர். கார்த்திகை முறையை நானே எடுத்துக்கொண்டேன். சித்தி எதுவும் சொல்லவில்லை. பூட்டிக் கிடந்த எங்கள் வீட்டைப் பெருக்கி வைத்திருந்தார்.

அன்பர்களே, நம் குடும்பங்களில் பலவற்றுக்கு இதுபோன்ற ஓர் ஊரும் ஒரு சிறு ஜினாலயமும் உண்டு. அடுத்த விடுமுறையில் தொலைதூர மலைவாழிடங்களுக்குச் செல்லுமுன், ஒருமுறை பிள்ளைகளோடு இவ்வழியே சென்று வாருங்கள். கூதிர்க் காலம் உகந்தது. ஏரிகள் நிறைந்திருக்கும், மலைகள் குளிர்ந்திருக்கும். காலடியில் ஊரும் தம்பலப்பூச்சியைப் பார்த்து நடக்கவும். மாலையில் உங்கள் ஊருக்கு வந்து, கோயிலில் விளக்கேற்ற இப்போது யார் வருகிறார் என்று விசாரியுங்கள். அவருக்கு அகவை என்ன என்றும் கேளுங்கள். அவருக்குப் பின் யார் என்பதை அன்றிரவே உங்கள் குடும்பத்தில் பேசி முடிவு செய்யுங்கள்.

ஜெய ஜினேந்திரா.